குங்கிலியம் வந்த காடு

காட்டைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நான் அதை முகர்ந்திருந்தேன். கொச்சியில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கீழே கடை, மேலே வீடு. கடையில் சாக்குச் சாக்காகக் குங்கிலியம் அடுக்கியிருக்கும். அந்த வாசனை மரப்படி ஏறி வந்து எங்கள் துணிமணியிலும் தலையணையிலும் குடியேறியிருந்தது. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காரும் பெண், என்மேல் மாதா கோவில் வாசனை அடிப்பதாகச் சொல்லி மூக்கை உறிஞ்சுவாள். அது உண்மைதான். அவளுடைய கோவிலுக்கும் எங்கள் கடையிலிருந்துதான் போகிறது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

குங்கிலியம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் தீராத சந்தேகம். மலையிலிருந்து வருகிறது என்பார்கள். மலையில் எங்கே? என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எங்கள் கடையில்தான் இருந்தார். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். கப்பைக் கிழங்கைப் போல மண்ணைத் தோண்டி எடுப்பார்கள் என்று அவர் அடித்துச் சொன்னார். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவரிடம் கேட்டேன். மரத்தில் வடியும் பிசின் அது என்றார். எப்படிப்பட்ட மரம், உயரமா குட்டையா, பூக்குமா காய்க்குமா என்று குடைந்தபோது அவருக்குத் திடீரென்று கடையில் வேலை வந்துவிட்டது. இருபது வருடமாகக் குங்கிலியம் விற்றவர் அந்த மரத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்பது அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஆனால் சரக்கைப் பார்ப்பதில் அத்தாவை ஏமாற்ற முடியாது. எங்கள் பஜாரில் கொளுத்திப் பார்க்காமல் யாரும் குங்கிலியம் வாங்கமாட்டார்கள். சாக்கின் நடுவில் கைவிட்டு ஒரு கட்டியை எடுப்பார். ஓட்டுத் துண்டின்மேல் வைத்துத் தீக்குச்சி கிழிப்பார். புகை எழுந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். கண்ணைத் திறக்க நேரமானால் நல்ல சரக்கு. சட்டென்று திறந்துவிட்டால், கொண்டுவந்தவர் பேசாமல் சாக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். பீடி குடிக்காத அத்தாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி இருந்தது இதற்காகத்தான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் சாக்குகள் வருவது நின்றுபோனது. தேக்கடிக் காட்டின் உட்பகுதியைத் தேசியப் பூங்காவாக்கிவிட்டார்கள், இனி அங்கிருந்து ஒரு சுள்ளியைக்கூட வெளியே எடுக்க முடியாது என்று பேசிக்கொண்டார்கள். எங்களுக்கு வந்த நல்ல சரக்கெல்லாம் அந்தப் பக்கத்துச் சரக்குதான். கடையில் அடுக்கு குறையக் குறைய அத்தாவின் பேச்சும் குறைந்தது. தர்காக்காரர்கள் வந்து கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனார்கள். இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று அம்மாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது.

மாமாவுக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்த ஒருவர் அந்தக் காட்டிலேயே காவல் பார்க்கும் வாட்சராக இருந்தார். அந்த ஆள் மனது வைத்தால் சரக்கு வரும் என்றார் மாமா. நேரில் போய்ப் பேச வேண்டும். ஆம்பிளைகள் மட்டும் போனால் சந்தேகம் வரும்.

"குடும்பமா போவோம் மச்சான். யானை பாக்க வந்தவங்கன்னு நெனச்சுக்குவாங்க. ஒண்ணும் பேடிக்க வேண்டாம்," என்றார்.

இப்படியாக, கள்ளச்சரக்குக்கு மறைப்பாக நான் காட்டுக்குப் போனேன். அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. யானை, குங்கிலிய மரம் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கப் போகிறோம் என்று தலைகால் புரியவில்லை. போட்டில் எறணாகுளம் போய், அங்கிருந்து பஸ்ஸில் மலை ஏறினோம். அம்மா இடியாப்பமும் அவித்த முட்டையும் ஒரு பெரிய தூக்குப்பாத்திரத்தில் கட்டி எடுத்து வந்திருந்தாள். வளைவுகளில் எனக்கு வாந்தி வந்தது. குமுளி வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது.

நான் நினைத்த காடு இருட்டாக இருந்தது. இந்தக் காடோ வெளிச்சமாகவும் ஏரியோடும் இருந்தது. தண்ணீருக்கு நடுவில் இலையில்லாத மரங்கள் கறுப்பாக நின்றன. ஏன் தண்ணீருக்குள் மரம் முளைத்தது என்று கேட்டேன். மரம் முதலில் வந்தது, தண்ணீர் பிறகு வந்தது என்று படகுக்காரர் சொன்னார். அக்கரையில் ஒரு கறுப்பு உருவத்தைக் காட்டி யானை, யானை என்று மாமா எழுந்து நின்றார். படகே ஆடியது. அது காட்டுப்பன்றி. யானைக்குட்டியும் தூரத்தில் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதன்பிறகு யானையை விட்டுவிட்டு மரங்களைப் பார்த்து, இது பட்டை, இது கடுக்காய், இது நம்ம பஜாருக்கு வந்தால் இரண்டாம் தரம் என்று காட்டையே தரம் பிரிக்கத் தொடங்கினார்.

கரை இறங்கியதும் வாட்சர் வந்தார். காக்கிச் சட்டை, வெறுங்கால், அத்தா வயதுதான் இருக்கும். அந்த மலையிலேயே பிறந்தவராம். பயணிகள் போகும் பாதையில் எங்களை நடத்திக்கொண்டு போய், ஒரு திருப்பத்தில் விலகி மரங்களுக்குள் கூட்டிப்போனார். அம்மா பாம்புக்குப் பயந்து பாதையிலேயே நின்றுகொண்டாள். நான் அத்தாவின் கையை விடவில்லை.

"இதுதான்," என்றார் வாட்சர்.

நேராக, கிளையே இல்லாமல் வெகுதூரம் மேலே போன ஒரு மரம். உச்சியில் தளிர்கள் பூவைப் போலச் சிவந்திருந்தன. அடியில், தண்டின் வெடிப்பில், குங்கிலியம் மெழுகுவத்தி உருகினாற்போல வடிந்து உறைந்திருந்தது. அதில் ஒரு கட்டிக்குள் ஓர் எறும்பு கால் மடக்கியபடி இருந்தது. அத்தா உள்ளங்கையை மரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பெருநாளன்றுகூடப் பார்த்ததில்லை.

பிறகு குனிந்து கீழே கிடந்த ஒரு சிறு கட்டியை எடுத்தார். விரலால் தேய்த்தார். முகர்ந்தார். அதோடு விட்டிருக்கலாம். கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. ஒரு கல்லின்மேல் கட்டியை வைத்துத் தீக்குச்சி கிழித்தார். புகை எழுந்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

அது கோடைக்காலம். சுற்றிலும் சருகு. வாட்சர் ஒரே தாவாகத் தாவி வெறுங்காலால் அந்த நெருப்பை மிதித்தார். அத்தா இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. அவ்வளவு நல்ல சரக்கு.

"மொதலாளி, என்ன வேலை செய்றீங்க? இது வேனக்காலம். ஒரு பொறி போதும், இந்தச் சரிவே போயிரும்," என்று வாட்சர் கத்தினார். அத்தா திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். பெரிய மனிதர் ஒருவரை இன்னொருவர் அதட்டி நான் அதுவரை கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாட்சர் என்னைப் பார்த்துத் தணிந்தார். மரத்தின் மறுபக்கம் வரச் சொன்னார். அந்தப் பக்கம் அடிமரம் என் உயரத்துக்குக் கருகிப் பொந்தாகியிருந்தது. உள்ளே நான் ஒளிந்துகொள்ளலாம். மேலே அந்தப் பக்கத்துக் கிளைகளில் தளிரே இல்லை.

இதை யார் செய்தது என்று அத்தா கேட்டார்.

"நாந்தான். இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி குங்கிலியம் எடுத்துக்கிட்டு இருந்தேன். தானா வடிய விட்டா கொஞ்சமாத்தான் வடியும். அடியில தீ வெச்சா நெறைய வடியும். கொச்சியில இருந்து சீக்கிரம் வேணும், நெறைய வேணும்னு சொல்லிவிடுவாங்க. வெப்போம். நாலஞ்சு வருசத்துல மரம் செத்துப்போகும். அடுத்த மரத்துக்குப் போவோம்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. சமையல் சொல்வதுபோலச் சொன்னார். கொச்சி என்றபோது அத்தா தரையைப் பார்த்தார்.

மாமாவுக்கு இதெல்லாம் பொறுக்கவில்லை. வந்த காரியத்தை எடுத்தார். வாட்சர் கொஞ்சம் யோசித்தார்.

"என் வீட்டுலயும் கஷ்டம்தான். இந்தப் பக்கம் இன்னும் மூணு மரம் இருக்கு. மழைக்கு அப்புறம் தீ வெச்சுத் தாரேன். மொதலாளி சரின்னு சொன்னா போதும்."

மாமா அத்தாவைப் பார்த்தார். அத்தா அண்ணாந்து அந்தச் சிவப்புத் தளிரைப் பார்த்தார். எனக்கே கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேண்டாம். வாங்க, போவோம்," என்றார்.

எறும்புக் கட்டியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கடையில் எந்தச் சாக்கிலிருந்தும் எத்தனை கட்டி வேண்டுமானாலும் எடுத்து விளையாட விட்டவர், அன்று, அது அங்கேயே இருக்கட்டும் என்றார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யானையும் வரவில்லை, எறும்பும் கிடைக்கவில்லை. மாமா கோட்டயம் வரை அத்தாவோடு பேசவில்லை. அம்மா எல்லாருக்கும் முட்டையை உரித்து உரித்துக் கொடுத்தாள். அத்தா மட்டும் வேண்டாம் என்றார்.

அந்த மழைக்காலத்திலேயே கடையில் குங்கிலியம் தீர்ந்தது. பாதிக் கடையை வாடகைக்கு விட்டு, மீதியில் பிளாஸ்டிக் வாளியும் குடமும் விற்றோம். அம்மாவின் வளையல்கள் அப்போதுதான் காணாமல் போயின. எனக்கு வாளிகளின் நிறங்கள் பிடித்திருந்தன. மாதா கோவில் வாசனையும் என்னை விட்டுப் போயிற்று. தீப்பெட்டி மட்டும் அத்தாவின் பையில் ரொம்ப நாள் இருந்தது.

வீட்டுக்கு யார் வந்தாலும் நான் அந்தக் கதையைச் சொல்வேன். அத்தா கண்ணை மூடிக்கொண்டு நின்றது, வாட்சர் தாவியது, அத்தா திடுக்கிட்டது எல்லாம் நடித்தே காட்டுவேன். வாட்சருக்குப் பயந்து வாங்காமலே ஓடி வந்துவிட்டார் என்று முடிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அத்தாவும் கூடவே சிரிப்பார். இல்லை என்று அவர் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வாட்சர் தருகிறேன் என்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருந்தேன். தருகிறேன் என்ற ஆளைப் பார்த்து யாராவது பயந்து ஓடுவார்களா என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.