பூவுக்குப் பக்கத்தில் ஒரு துடைப்பம்

போன சனிக்கிழமை ஜாபர் பாயிடம் சண்டை போட்டுவிட்டேன். கோட்டைமேட்டில் இருக்கும் அவருடைய ஸ்டூடியோவில்தான் பல வருடமாக என் ஃபிலிம் ரோல்களைக் கழுவக் கொடுக்கிறேன். குரலை உயர்த்தியது இதுதான் முதல் தடவை.

விஷயம் இதுதான். ஊரில் ஒரு சங்கம் வசந்தகாலப் பூக்களுக்குப் புகைப்படப் போட்டி வைத்திருந்தது. அன்று மாலை ஐந்து மணிக்குள் படம் போய்ச் சேர வேண்டும். போத்தனூரில் எங்கள் தெருப் புங்கமரம், பங்குனி பிறந்துவிட்டால் போதும், பொரியைக் கொட்டியதுபோல் வாசலெல்லாம் பூவாக உதிர்க்கும். ஒரு கறுப்பு-வெள்ளை ரோலை முழுசாக அதற்கே செலவழித்தேன். முப்பத்தாறில் முப்பத்தைந்து... யார் எடுத்ததென்றே தெரியாது. வெறும் காலண்டர் பூ!

ஒன்றே ஒன்றுதான் என் படம். பக்கத்து வீட்டு சரசக்கா குனிந்து வாசல் கூட்டுகிறார். ஓரத்தில் அவர் முதுகும் கையும் துடைப்பமும். மீதியெல்லாம் பூ. எந்த ஓரத்தை எவ்வளவு வெட்டலாம் என்று, பழைய கல்யாணப் பத்திரிகையை 'ட' வடிவில் இரண்டாக வெட்டி, சின்னப் பிரதியின் மேல் சட்டம்போல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். எங்கே வெட்டினாலும் படம் செத்துப்போனது. சரி, வெட்டவே வேண்டாம் என்று முடிவுசெய்து, பெரிதாக்கித் தரச் சொல்லி நெகட்டிவை பாயிடம் கொடுத்தேன். அந்த முடிவை அவரிடம் சொல்லத்தான் மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் போனால்... கவருக்குள் பூ மட்டும்!

"பாய், சரசக்கா எங்கீங்க?"

"ஏனுங்க அம்மணி, நல்ல பூவுக்குப் பக்கத்துல சீமாறு வந்துபோச்சுங்க. நீங்க பாக்காம உட்டுட்டீங்களாட்டம் இருக்குதுன்னு நானே வெட்டிப்போட்டேனுங்க."

உதவிதான் செய்திருக்கிறார்! நம் ஊர் மரியாதை அப்படி — அடுத்தவர் தப்பைச் சொல்லிக்காட்ட மாட்டார்கள், சத்தமில்லாமல் திருத்திவிடுவார்கள். தப்பே இல்லாதபோதுதான் வம்பு.

"அது தப்பில்லைங்க. அதுதான் படமே! மறுபடியும் போட்டுக் குடுங்க!"

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாய் கோபப்படவில்லை. கவலைப்பட்டார்.

"போட்டிங்கறீங்க... சீமாத்துக்கு ஆருங்க பரிசு குடுப்பாங்க?"

"குடுக்காட்டிப் போறாங்க!"

தலையை ஆட்டிக்கொண்டே டார்க் ரூமுக்குள் போனார். நாலரைக்கு, சரியாகக் காயாத படத்தோடு ஆட்டோ பிடித்தேன்.

மறுநாள் கண்காட்சி. முதல் பரிசு ஒரு ஊட்டி ரோஜாவுக்கு. எனக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் கிளம்ப மனசில்லாமல் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன்.

ரோஜாவை எல்லோரும் "அழகு... அழகு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். என் படத்தின் முன்னால் ஓர் அம்மா நின்றார். வெள்ளகோவிலிலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவராம். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"அட சாமி... இத்தனையும் கூட்டோணுமா!" என்று சொல்லிக்கொண்டே தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

ரோஜாவைப் பார்த்து யாருக்காவது இடுப்பு வலித்திருக்கிறதா?