புத்தூர் சாலையில் கண்ணாடி உடைந்த காலை

எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ள எங்கெங்கிருந்தோ புத்தூருக்கு வருவார்கள். அந்தப் புத்தூருக்குப் போகிற சாலையில்தான் நான் ஒருவனின் கையை முறித்தேன். என் பிள்ளைகள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது என் கணவர் குவைத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற எல்லையில், நகரிக்குப் பக்கத்துக் கிராமம். லீவில் வந்திருந்தபோது ஒரு பழைய வேனை வாங்கி, ஏரிக்கரையில் வைத்து எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனார். மகன் மூன்றாம் வகுப்பு, மகள் யுகேஜி. இரண்டு பேருக்கும் புத்தூரில் இங்கிலீஷ் மீடியம். எங்கள் பக்கத்தில் வேன் ஓட்டுகிற பெண் நான் ஒருத்திதான். சைக்கிளில் போகிறவர்கூட நான் ஹாரன் அடித்தால் திரும்பி முறைத்துவிட்டுத்தான் வழிவிடுவார்.

ஐப்பசி மழை ஓய்ந்திருந்த ஒரு காலை. எதிரில் வந்த லாரிக்கு ஒதுங்கியபோது இடது சக்கரம் பள்ளத்தில் இறங்கி, பைக்கில் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் மேல் சேறு வாரி அடித்தது. இரண்டு பேரும் வெள்ளைச் சட்டை. நான் வேகத்தைக் குறைத்துத் தலையை வெளியே நீட்டினேன்.

“பாக்கலண்ணா, மன்னிச்சுக்க.”

அவர்கள் பைக்கை முறுக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவன் கதவை உதைத்தான்.

“அம்மா, ஒதைக்கிறான்மா,” என்றான் மகன்.

நான் வேகமாகப் போகப் பார்த்தேன். அவர்கள் முந்திக்கொண்டு குறுக்கே நிறுத்தினார்கள். நான் போட்ட பிரேக்கில் மகள் முன் சீட்டில் மோதி உதடு கிழிந்தது. உதைத்தவன் இறங்கி, ரோட்டோரம் கிடந்த அரைச் செங்கல்லை எடுத்து அவள் பக்கத்து ஜன்னலில் அடித்தான். கண்ணாடி அவள் தலைமேலும் மடிமேலும் கொட்டியது. அவள் கத்தக்கூட இல்லை.

கல்லைப் போட்டுவிட்டு என் பக்கம் வந்தவன், திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கையை விட்டு என் பின்னலைப் பிடித்து, தலையைக் கதவுச் சட்டத்தில் மோதினான்.

“பொட்டச்சி உனுக்கு வண்டி ஒரு கேடா? எறங்குடி கீழ!”

மறுபடி மோதப் போனபோது மகன் பின்னாலிருந்து எட்டி அவன் மணிக்கட்டைக் கடித்தான். அவன் கையை உதறி மகனின் கன்னத்தில் அறைந்தான். அந்தச் சத்தம் வரைக்கும் எனக்குப் பயம் இருந்தது. அதற்குப் பிறகு இல்லை.

சீட்டுக்கு அடியில் ஜாக்கி ராடு கிடக்கும். அதை எப்போது எடுத்தேன் என்று நினைவில்லை. கதவைத் தள்ளிய வேகத்தில் அவன் சறுக்கி விழுந்தான். முகத்தை மறைத்துக்கொண்ட கையின் மேல் ராடு இறங்கியது. கரும்பு ஒடிகிற மாதிரி இருந்தது.

கொஞ்ச தூரத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். நீலக் கோட்டு, கழுத்தில் அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை. என்னைப் பிடிக்க வந்த இன்னொருவனின் முகத்தில் ஒருத்தி பையை வீசி அடித்தாள். அவன் பைக்கை விட்டுவிட்டுக் கரும்புத் தோட்டத்துக்குள் ஓடினான்.

“கொழந்த மேல கண்ணாடிய ஒடச்சிகிறான்டி, உடாதீங்க!”

செருப்பு, டிபன் பாக்ஸ், கைக்குக் கிடைத்தது எல்லாம் விழுந்தது. அவர்களோடு நானும் உதைத்தேன். கீழே கிடந்தவன் முதலில் திட்டினான், பிறகு கும்பிட்டான், பிறகு எதுவும் செய்யவில்லை. ஒருத்தி ஒரு கல்லை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வாணாம்! செத்துடுவான்.”

“உம் புள்ளய அடிச்சவன்க்கா!”

“எம் புள்ளைங்க பாத்துக்கினு கீதுங்க. கீழ போடு.”

அவள் கல்லைப் போட்டாள். பஸ் வந்து ஹாரன் அடித்தது. எல்லோரும் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். ரோட்டில் நானும் பிள்ளைகளும் அவனும் மட்டும்தான். ஒரு ஆட்டோ பக்கத்தில் வந்து, ரத்தத்தைப் பார்த்ததும் வேகம் பிடித்தது.

இரக்கம் என்று சொல்லமாட்டேன். அவனை அங்கே சாகவிட்டுவிட்டு என் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட என்னால் முடியாது, அவ்வளவுதான். அக்குளில் கை கொடுத்து இழுத்து நடு சீட்டில் போட்டேன்.

“இவன ஏத்தாதம்மா!” அப்போதுதான் மகள் முதல்முறையாக அழுதாள்.

பிள்ளைகள் இரண்டு பேரையும் முன் சீட்டில் நெருக்கி உட்காரவைத்து ஓட்டினேன். பின்னால் அவன் கண்ணாடித் துண்டுகளின் மேல் படுத்து “தண்ணி, தண்ணி” என்று முனகினான். மகன் என்னைப் பார்த்தான். பாட்டிலை எடுத்தான், கையில் கொடுக்காமல் பின்னால் வீசி எறிந்தான்.

புத்தூர் ஆஸ்பத்திரியில் கான்ஸ்டபிள் தெலுங்கில் கேட்டார்: “எவரம்மா கொட்டிந்தி?”

“நேனே சார்,” என்றேன்.

யார் அடித்தது என்றவருக்கு நான்தான் என்றதும் நம்பிக்கை வரவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்தவனிடம் போய்க் கேட்டார். அவன் என்னைப் பார்க்காமல், “பைக்கு வழுக்கிடுச்சு சார்,” என்றான். பெண்ணிடம் அடிவாங்கினேன் என்று எழுதிக்கொடுப்பதைவிட அது அவனுக்கு மேலாகத் தெரிந்திருக்க வேண்டும். என் கண்ணாடியை உடைத்ததும் என் பிள்ளையை அறைந்ததும் அந்த ஒரு வார்த்தையில் நடக்காததாகிவிட்டன. நான் சொல்லச் சொல்ல, “வதிலேயம்மா, விட்டுடு, பாப்பாவப் பாரு,” என்றார் கான்ஸ்டபிள். மகளுக்கு உதட்டில் தையல் போட்டார்கள். அவனைத் திருப்பதிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிறகு அவனை நான் எங்கும் பார்க்கவில்லை.

குவைத்திலிருந்து கணவர் போனில் கத்தினார். “வண்டிய வித்துடு! ஆட்டோல அனுப்பு.”

“மாட்டேன். நான்தான் கூட்டினு போவேன்.”

“உனுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?”

“ஆவல இல்ல?”

புதுக் கண்ணாடி மாட்டியதும் மறுபடி ஓட்டினேன். அடுத்த லீவில் வரும்வரை, ஒவ்வொரு போனிலும் அவர் விற்கச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்.

வந்ததும் குடும்பத்தோடு திருப்பதிக்குக் கிளம்பினோம். அவர்தான் ஓட்டினார். வடமாலைப்பேட்டை தாண்டி ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை முந்தியது. கல்யாணத்துக்குப் போகிற புருஷன் பெண்டாட்டி. திரும்பிப் பார்த்தால் பின் சீட்டில் பிள்ளைகள் இல்லை. இரண்டு பேரும் கீழே குனிந்து உட்கார்ந்து, கைகளால் தலையை மூடிக்கொண்டிருந்தார்கள்.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். பிறகு இறங்கிப் பின்னால் போய், இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

“நீ ஓட்டு,” என்றார்.