ஏர்க்காலைப் பிடிக்கச் சொன்னவன்

எருமப்பட்டியில் வண்டிக்கார மாதையன் என்று சொன்னால் முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். "போலீசையே ஏர்க்காலப் புடிக்கச் சொன்னவனாச்சே!" என்பார்கள். அதற்கப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு வெற்றிலையை மடிக்க ஆரம்பிப்பார்கள். மீதிக் கதை அந்த மடிப்புக்குள் போய்விடும்.

ஆள் சோளத்தட்டுக்கு வேட்டி கட்டினாற்போல் இருப்பான். கொல்லிமலை அடிவாரத்தில் மூங்கில் ஏற்றி நாமக்கல்லில் இறக்குவது அவன் பிழைப்பு. மனிதர்களிடம் பேச்சு கம்மி. மாடுகளிடம் வாய் ஓயாது. இடப்பக்கம் பூட்டும் செவலைக் காளை ஒரு சோம்பேறி. அதை "மாப்பிள்ளை" என்று கூப்பிடுவான். வலப்பக்கத்து மயிலைதான் வண்டியை இழுப்பது. அதற்குப் பெயர் "சாமி".

"என்னைய ஒரு நாளாச்சும் சாமின்னு கூப்புட்டிருக்கறயா மாமா?" என்று கேட்டாள் அவன் பெண்டாட்டி குப்பாயி.

"நீ வண்டி இழுப்பயா?"

"இந்த ஊட்ட ஆரு இழுக்கறாங்களாமா?"

மாதையன் மயிலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

மூங்கில் வண்டியில் ஒரு சங்கடம் உண்டு. மூங்கில் நீளம், வண்டி குட்டை. பாதி மூங்கில் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பாரமெல்லாம் பின்பக்கம். வண்டிக்காரன் முன்னால், நுகத்தடி வரை நீளும் ஏர்க்காலின் மேல் உட்கார்ந்திருக்கும் வரைக்கும்தான் வண்டி வண்டியாக இருக்கும். அவன் இறங்கினால் முன்பக்கம் ஆகாசத்துக்குக் கிளம்பிவிடும். நுகத்தடியோடு மாடுகளின் கழுத்தும் மேலே போகும். அதனால் இறங்க வேண்டுமென்றால் வழியில் வருகிற யாரையாவது, "சித்த அமுத்திப் புடிங்க" என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டவுடன் ஆள் வந்து ஏர்க்காலில் தொங்குவான். அது தண்ணீர் கேட்டால் கொடுப்பது மாதிரி. ஒரு தடவை பொண்ணு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கல்யாண மாப்பிள்ளை, கழுத்து மாலையோடு மாதையனுக்கு அமுத்திப் பிடித்தான்.

முப்பத்தாறாம் வருஷம், ஒரு சந்தை நாள் மத்தியானம். பாதை பிரிகிற புளியமரத்தடியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வண்டியிலும் லாந்தர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். வெயில் மண்டையைப் பிளக்கிறபோது லாந்தர் பார்ப்பது சர்க்காருக்கே உரிய சாமர்த்தியம்.

"வெளக்கு எங்கடா?"

"பின்னால மூங்கிலுக்கு அடியில தொங்குதுங்க, ஏட்டய்யா." அவர் ஏட்டு இல்லை. ஆனால் அப்படிக் கூப்பிட்டு யாருக்கும் அதுவரை கெடுதல் வந்ததில்லை.

"எறங்கிக் காட்டுடா."

மாதையன் சுற்றிலும் பார்த்தான். சந்தைக் கூட்டம் கொஞ்சம் தள்ளி நின்றது. பக்கத்தில் இருந்தது போலீஸ்காரர் மட்டும்தான். அவன் வாயில் எப்போதும் வருகிறது வந்துவிட்டது.

"சித்த இந்த ஏர்க்கால அமுத்திப் புடிங்க சாமி. எறங்கிக் காட்டறேன்."

புகையிலைக் கடைச் சடையன்தான் முதலில் சிரித்தான். "புடிங்க ஏட்டய்யா, நல்லா தொங்குங்க!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அப்புறம் சந்தையே சிரித்தது. மாதையனுக்கு என்ன சிரிப்பு என்று விளங்கவில்லை. மரியாதைக்கு அவனும் கொஞ்சம் பல்லைக் காட்டினான்.

போலீஸ்காரர் சிரிக்கவில்லை. மாதையனின் காலைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார்.

அவன் விழுந்ததும் வண்டி எழுந்தது. செவலையின் கழுத்தை நுகத்தோடு கட்டியிருந்த பழைய பூட்டாங்கயிறு அறுந்தது; அது துள்ளி ஓடிப்போய் ஒரு சோளத்தட்டுக் கட்டை மேய ஆரம்பித்தது. மயிலையின் கழுத்துக்கு மாதையன் தானே திரித்த புதுக் கயிறு. அறுபடவில்லை. மயிலை முன்னங்கால் தரையில் பாவாமல் தொங்கியது.

மாதையன் எழுந்து மாட்டிடம் ஓடினான். ஓடுகிறான் என்று மட்டும்தான் போலீஸ்காரருக்குத் தெரிந்தது. தடி வலது மணிக்கட்டில் விழுந்தது. சுருண்டு விழுந்து எழுந்தான், தடி மறுபடி விழுந்தது. பிறகு முதுகில். அடி விழுகிற சத்தத்தை வேறு யாருக்கோ விழுகிற மாதிரி மாதையன் கேட்டான். போலீஸ்காரரின் சட்டையில் மூன்றாவது பொத்தான் இல்லை. அதையே பார்த்துக்கொண்டு, "சடையா, அமுத்துடா" என்றான். "ஆராச்சும் அமுத்துங்க சாமி."

ஒரு ஆள் தொங்கினால் போதும். சடையன் ஒரு காலை எடுத்து முன்னால் வைத்தான். தடியைப் பார்த்தான். காலைப் பின்னால் வைத்துக்கொண்டான். அவ்வளவு பெரிய சந்தையில் ஒருவரும் வரவில்லை. மயிலையின் நாக்கு வெளியே வந்தது.

எல்லாம் அடங்கின பிறகு போலீஸ்காரர் பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். லாந்தர் இருந்தது. கண்ணாடி துடைத்து, எண்ணெய் ஊற்றி வைத்திருந்தது.

"இருக்குதுன்னா ஒழுங்கா எறங்கிக் காட்டறதுக்கென்ன?" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குக் கையைக் காட்டினார்.

மாதையன் செவலையை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். குப்பாயி களி கிண்டிக்கொண்டிருந்தாள்.

"சாமி எங்க மாமா?"

"புளியமரத்துக்கிட்ட."

"கட்டிப்போட்டுட்டு வந்தயா?"

"ஊம்."

இடது கையால் களியைத் தின்றான். வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தான். இன்னொரு உருண்டை கேட்டு வாங்கித் தின்றான். பிறகு தவிடும் புண்ணாக்கும் போட்டு இரண்டு தொட்டியிலும் தண்ணீர் கலந்து வைத்தான். செவலை இரண்டையும் குடித்தது. மறுநாள் காலையில் சடையன் வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்ன பிறகுதான் குப்பாயிக்கு விஷயமே தெரிந்தது. அவள் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். மாதையன் அவள் அழுவதை, பக்கத்து வீட்டில் யாரோ அழுகிறார்கள் என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கை கோணலாகக் கூடியது. விரல்கள் மடங்காது, கிள்ளினாலும் தெரியாது. செவலையை விற்றுவிட்டுப் பிறத்தியாருடைய வண்டியை ஓட்டினான். முன்னால் ஒரு பெரிய கல்லை வைத்திருப்பான். இறங்குவதற்கு முன்னால் அதை ஏர்க்காலில் ஏற்றிவிடுவான். யாரையும் பிடிக்கச் சொல்வதில்லை. அவன் மட்டுமல்ல, அந்தப் பக்கத்தில் காக்கிச் சட்டை நிற்கும் இடத்தில் எந்த வண்டிக்காரனும் அப்புறம் அந்த வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. மாட்டுக்கு "சாமி" என்று பெயர் வைப்பதையும் மாதையன் விட்டுவிட்டான். பெயரே வைப்பதில்லை.

யுத்தம் வந்தது. நெல் கடத்துகிறார்களா என்று வண்டிகளை நிறுத்திப் பார்ப்பது அதிகமாயிற்று. ஒரு நாள் அதே புளியமரத்தடியில் சென்னிமலை என்ற இளவட்டத்தின் மூங்கில் வண்டியை நிறுத்தினார்கள். இது வேறு போலீஸ்காரர். தடி மட்டும் அதே மாதிரி.

"மூங்கிலுக்கு நடுவுல என்னடா ஒளிச்சு வெச்சிருக்கறே? எறங்கு!"

சென்னிமலை ஏர்க்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குக் கதை தெரியும். கூட்டத்துக்கும் தெரியும். தடி உயர்ந்தது.

மாதையன் சடையன் கடையில் புகையிலை வாங்கிக்கொண்டிருந்தான். அதை அப்படியே வைத்துவிட்டு நடந்து போனான். வேகமாகவும் போகவில்லை, பயந்தும் போகவில்லை. வாய்க்கால் தாண்டுகிற மாதிரி போனான். ஏர்க்காலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தொங்கினான்.

"எறங்கிக்கடா" என்றான்.

சென்னிமலை இறங்கினான். வண்டி அசையவில்லை. மாடுகள் அசை போட்டுக்கொண்டிருந்தன.

"நீ ஆருடா குறுக்க?" என்றார் போலீஸ்காரர்.

"ஆருமில்லீங்க" என்றான் மாதையன். "பாரமுங்க."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. போலீஸ்காரர் தடியை ஓங்கியபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மூங்கிலைக் குத்திப் பார்க்கப் பின்பக்கம் போனார். மாதையன் பக்கத்திலிருந்த மாட்டின் கழுத்துக் கயிற்றைப் பார்த்தான். புதுக் கயிறு. கோணல் கையை அதற்கும் கழுத்துக்கும் நடுவில் நுழைத்து வைத்துக்கொண்டான். கயிறு இறுக்கமா, தளர்வா என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. சென்னிமலை மறுபடி ஏறி உட்காருகிற வரைக்கும் எடுக்கவில்லை.