ஞ எழுத்தின் வால்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது என் வீட்டுக்காரருக்குப் பட்டப்பகலில் நடந்தது.

அவருக்கு அச்சகத்தில் அழைப்பிதழ் வடிவமைக்கிற வேலை. அன்றைக்குக் கையில் இருந்தது சொந்தத் தங்கையின் கல்யாணப் பத்திரிகை. என் நாத்தனாருக்கு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இதுவாவது நல்லபடியாக முடிய வேண்டுமே என்று மனிதருக்கு ஒரே படபடப்பு.

அதனால் இருப்பதிலேயே அழகான எழுத்துருவைத் தேடினார். முதலாளியின் பழைய கம்ப்யூட்டரில் ஒன்று கிடந்தது. பேனாவால் இழுத்துவிட்டது போல் வலப்பக்கம் சாய்ந்து ஓடும் எழுத்துகள். முதலாளி வெளியே போயிருந்ததால் கேட்காமலே எடுத்துக்கொண்டார்.

மேலே மாப்பிள்ளை பெயர், ‘ஞ’வில் தொடங்கும். கீழே தங்கை பெயர். மாதிரித் தாள் எடுத்துப் பார்த்தார். ஞ-வின் வால் மட்டும் கொஞ்சம் நீளம்.

இன்னொன்று எடுத்தார். வால் இன்னும் கீழே இறங்கியிருந்தது. ஆனால் திரையில்... சரியாகவே இருந்தது. ஒரே எழுத்து தாளுக்குத் தாள் மாறுமா? எழுத்துருவில் அது நடக்கவே நடக்காது.

“யாருய்யா என் ஃபைல்ல கை வச்சது?” என்று மெஷின்காரர் மேல் எரிந்து விழுந்தார்.

“எனக்கு வேற வேலை இல்லையா சார்?”

சந்தேகம் போகவில்லை. அவரை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைத் தாழிட்டுத் தானே ஒரு தாள் எடுத்தார்.

சர்ர்ர்...

வால் தங்கையின் பெயரைத் தொட்டிருந்தது.

மெஷினின் கரண்ட் வயரைப் பிடுங்கினார்.

சர்ர்ர்...

இன்னொரு தாள். வால் அவள் பெயரின் குறுக்கே ஓடியிருந்தது. கோடு போட்டு அடித்துவிட்டது போல.

தொட்டுப் பார்த்தார். ஈரம்... அது பவுடரில் அச்சடிக்கிற மெஷின், ஈரம் வர வழியே இல்லை.

கதவு தட்டும் சத்தம். முதலாளி. தாளைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இந்த எழுத்துரு எங்க அக்கா பொண்ணு வரைஞ்சதுப்பா. அவ கல்யாணப் பத்திரிகைக்காக. முடிக்கல.”

“ஏன்?”

“கட்டிக்கப் போறவனோட ஏரிக்குப் படகுல போனா. அவன் மட்டும்தான் திரும்பி வந்தான்.”

தாளில் இருந்த வாலை விரலால் காட்டினார்.

“அவன் பேரோட முதல் எழுத்தைக் கடைசியா வரையறேன்னு வச்சிருந்தா. இதுல ஞ-வே கிடையாது. டைப் அடிச்சா வெறும் கட்டம்தான் வரும்.”

பிறகு பத்திரிகையைப் படித்தார்.

“பேரு, அப்பா பேரு... இவனேதான்.”

கல்யாணத்தை நிறுத்தினோம். நாத்தனார் எங்கள் முகத்திலேயே முழிக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒருநாள் தானாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, நீங்க கல்யாணத்தை நிறுத்தின அந்த வாரம், ஞாயித்துக்கிழமை அவர் என்னை எங்க கூட்டிட்டுப் போறதா இருந்தார் தெரியுமா? படகுல போகலாம்னார்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளுக்கு நீச்சல் தெரியாது.

அதையும் அவன் அவளிடமே முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான்.