பலகைக்கு ஒதுங்கும் அணி

அந்த வருஷம் எங்கள் அணி முதல் நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. தோற்றது என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். வெற்றிலை பாக்கு வைத்து எதிரணியை அழைத்து, கோல் கம்பம் வரை கூடவே போய், பத்திரமாக உள்ளே விட்டுவிட்டு வந்தது. வேப்பூர்காரர்கள் நான்கு கோல் போட்டார்கள். பக்கத்து மங்களூர்காரர்கள் மூன்று. ரயில்வே ஜங்ஷன் பையன்கள் ஐந்து போட்டுவிட்டு, ஆறாவதைப் போடக் கூச்சப்பட்டுப் பந்தை வெளியே அடித்தார்கள். நான்காவது ஆட்டத்துக்குத் திட்டக்குடி அணியில் ஓர் ஆள் குறைவு. பஸ்ஸை விட்டுவிட்டானாம். பத்துப் பேராக ஆடிய அவர்களிடமும் இரண்டு கோல் வாங்கினோம். பதினோராவது ஆளும் வந்திருந்தால் எங்களுக்குத்தான் கஷ்டம் என்று பஸ்ஸுக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

எங்கள் அணி என்றால் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறவர்களின் கால்பந்து அணி. இரண்டாயிரத்துக்குப் பிறகு, எல்லார் சட்டைப்பையிலும் செல்போன் வந்து சேராத வருஷங்கள் அவை. சுற்றுவட்டாரத்தில் எட்டு அணிகள். மழை முடிந்ததும் ஞாயிறு சாயங்காலம்தோறும் ஆட்டம், ஒவ்வோர் அணிக்கும் ஏழு. ஏழும் முடிந்த பிறகு கடைசியில் இருக்கிற அணிக்கு அடுத்த வருஷம் இடம் கிடையாது. அந்த இடத்துக்கு வேறு ஊர்க்காரர்கள் துண்டு போட்டு வைத்திருந்தார்கள். நான் ஆட்டக்காரன் இல்லை. எனக்கு யூனிட்டில் பொருள் தரம் பிரிக்கிற வேலை. சூளையிலிருந்து வந்த பீங்கான் ஃப்யூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, நல்லது ஒரு பக்கம், செகண்ட்ஸ் ஒரு பக்கம் என்று ஆறு நாளும் பிரித்துப் போடுவேன். ஏழாவது நாள் மைதான ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினால்தான் அடுத்த ஆறு நாளை என்னால் தாங்க முடியும். அணி போய்விட்டால் அந்த ஞாயிறும் போய்விடும். எனக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

பயத்தை வெளியில் காட்டுவேனா? வாயைத்தான் காட்டினேன். கோலுக்கு முன்னால் நின்று தடுக்கவேண்டிய எங்கள் ஸ்டாப்பர் என் மச்சான், மனைவியின் தம்பி. அதே யூனிட்டில் அச்சில் மண்கூழ் ஊற்றுகிறவன். நெடுநெடுவென்று உயரம், கதவு மாதிரி மார்பு. கதவு மாதிரிதான் ஆடவும் செய்தான், யார் வந்தாலும் திறந்துகொள்வான். எதிராளி பந்தோடு நேராக வருவான், இவன் பக்கவாட்டில் ஒரு அடி வைத்து நாகரிகமாக வழி விடுவான். பேட்டை டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டேன்.

"ஏன்டா, அடுத்த வாரம் ஒரு சொம்புல தண்ணியும் எடுத்துக்கினு போயேன். ஓடி வர்றவன் களைச்சிப் போயிருப்பான்ல."

கடையே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்று வீட்டில் என் மனைவி, "உங்க வாயி இருக்குதே, அத கொண்டுபோயி அந்தச் சூளையில வையுங்க, எதுனா உருப்படியா ஆவுதான்னு பாப்பம்" என்றாள். குழம்பும் அன்று கொஞ்சம் தண்ணியாகத்தான் இருந்தது.

மச்சான் ஏன் வழி விடுகிறான் என்று புதன்கிழமை எனக்குப் புரிந்தது. எங்கள் யூனிட்டில் பச்சைப் பொருளை நீளப் பலகையில் வரிசையாக அடுக்கி, தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். பச்சை என்றால் அச்சிலிருந்து எடுத்து இன்னும் சூளைக்குப் போகாத மண். முழங்கை லேசாக இடித்தாலும் பலகை முழுக்கப் பாழ். அதனால் தூக்குகிறவர் "பலகை!" என்று குரல் கொடுத்தால் எதிரில் யார் இருந்தாலும் ஒதுங்க வேண்டும். முதலாளி வந்தாலும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். அன்று ஓர் அக்கா பலகையோடு வந்தார். மச்சான் அவரைப் பார்க்கக்கூட இல்லை. யாரிடமோ பேசிக்கொண்டே இடது காலைப் பின்னால் வைத்து, தோளைத் திருப்பி, வழி விட்டான். ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே அடி! அதே தோள்! சுற்றிப் பார்த்தேன். அச்சில் இருப்பவன் எங்கள் லெஃப்ட் பேக், மண் அரைப்பவன் ரைட் பேக். மூன்று பேருமே எட்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தரம் ஒதுங்கிப் பழகியவர்கள். வேகமாக ஒருவன் நேரே வந்தால் அவர்கள் உடம்பு மூளையைக் கேட்பதில்லை. உலகத்தில் எந்த அணிக்கும் வராத வியாதி எங்களுக்கு வந்திருந்தது.

மூன்று பேரிடமும் சொன்னேன். மற்ற இருவரும், "நாங்க நல்லாத்தான ஆடுறோம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அந்தத் தன்னம்பிக்கையில் பாதி காலில் இருந்திருக்கலாம். மச்சான் மட்டும் தலையை ஆட்டினான். அன்றிலிருந்து தினமும் வேலை முடிந்ததும் யூனிட்டுக்குப் பின்னால், உடைசல் கொட்டுகிற இடத்தில் பயிற்சி. ஒரு காலிப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு நான் அவனை நோக்கி ஓடுவேன். அவன் ஒதுங்காமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். முதல் நாள் முழுக்க ஒதுங்கினான்.

"காலிப் பலகைதானடா, ஏன் ஒதுங்குற?"

"எனக்குத் தெரியுது மாமா, காலுக்குத் தெரியலியே."

சனிக்கிழமை சாயங்காலம் அவன் நின்றான். பலகையோடு போய் மோதி நான்தான் விழுந்தேன். முட்டி பெயர்ந்தது. அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் விழுந்ததில்லை.

மறுநாள் நல்லூர்காரர்களோடு ஐந்தாவது ஆட்டம். அவர்களுடைய ஃபார்வேர்டு வழக்கம்போல வழி கிடைக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டு வந்தான். வழி இல்லை. அவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு மச்சானைப் பார்த்த பார்வையில், வாக்கை நம்பி ஏமாந்தவனின் வருத்தம் இருந்தது. கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது. எங்களுக்கு முதல் பாயிண்ட். நான் மைதானத்துக்குள் ஓடி மச்சானைக் கட்டிக்கொண்டேன். அவன் என்னோடு பேசிப் பத்து நாள் ஆகியிருந்ததுபோல, விடாமல் பேசிக்கொண்டே வந்தான்.

திங்கட்கிழமை காலையில் அதே அக்கா "பலகை!" என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். மச்சான் ஒதுங்கவில்லை.

சத்தம் பெரிதாக இல்லை. பச்சை மண் சத்தம் போட்டு உடையாது, சும்மா பொதபொதவென்று விழும். அக்கா கீழே பார்த்தார், அப்புறம் அவனைப் பார்த்தார்.

"என்னாடா, கண்ணு தெரியலியா? செவுரு மாரி நிக்கிற?"

அவன் குனிந்து மண்ணை அள்ளத் தொடங்கினான். சூப்பர்வைசர் வந்துவிட்டார். அந்தச் சரக்கு அடுத்த வாரம் சூளை ஏற வேண்டியது, போனதை எப்படியும் அதற்குள் செய்து தரவேண்டும். "ஞாயித்துக்கெழம வந்து நீயே ஊத்திச் சரி பண்ணிக் குடு" என்றார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான். காரணத்தைச் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பவும் இல்லை. ஒரு வார்த்தை குறை சொல்லியிருந்தால் எனக்குக் கோபம் வந்து பிழைத்திருப்பேன். ஞாயிறு ஆறாவது ஆட்டம். ஒதுங்காத ஒரே ஆள் அவன்தான்.

"சார், நான்தான் அவன ஒதுங்காதன்னு பழக்குனேன். ஞாயித்துக்கெழம நான் வரேன்" என்றேன். சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்தார். யூனிட்டில் இப்படி ஒரு குற்றத்தை யாரும் ஒப்புக்கொண்டதில்லை. "யாரு செஞ்சா என்னா, சரக்கு வந்தா போதும்" என்று போய்விட்டார்.

அந்த ஞாயிறு சாயங்காலம் யூனிட்டில் நான் ஒருவன். சேர்ந்த நாளில் நானும் அச்சில் இருந்தவன்தான், கை மறக்கவில்லை. மண் ஊற்றி, எடுத்து, ஓரம் துடைத்து அடுக்கினேன். ஐந்தாறு வருஷத்தில் நான் பார்க்காத முதல் ஆட்டம். எத்தனை வாங்கியிருப்பார்கள் என்று ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கணக்குப் போட்டேன். இருட்டுகிற நேரத்தில் மொத்த அணியும் கத்திக்கொண்டு யூனிட் வாசலுக்கு வந்தது. மூன்று கோல் போட்டு ஜெயித்திருந்தார்கள். பெரும் சந்தோஷம். கேப்டன் என்னைத் தனியே அழைத்துப் போய் மிகவும் பணிவாகக் கேட்டான்.

"அண்ணே, தப்பா நெனச்சிக்காதீங்க. அடுத்த ஞாயித்துக்கெழமையும் உங்களுக்கு எதுனா வேல இருக்குதுங்களா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்ததும் காது சுட்டது. நான் வந்த ஐந்தும் விளங்கவில்லை, வராதது ஜெயித்தது. வியாதியைக் கண்டுபிடித்தவன் நான், முட்டியைப் பெயர்த்துக்கொண்டவன் நான், கடைசியில் பீடையும் நான்! நான்கு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்கலாம். ஆனால் ஏழாவது ஆட்டத்தில் சமன் செய்தாலும் அணி தங்கும், தோற்றால் போய்விடும். இந்தப் பீடைக் கதையில் எனக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் வாய் தானாகச் சொன்னது: "ஆமாப்பா, கொஞ்சம் வேல இருக்குது."

ஊரில் இருந்தால் கால் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடும் என்று தெரியும். அதனால் அந்த ஞாயிறு மத்தியானமே பஸ் ஏறி வேப்பூருக்குப் போய்விட்டேன். நெடுஞ்சாலைக் கடை ஒன்றில் உட்கார்ந்து பரோட்டா சொன்னேன். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. ஆட்டம் தொடங்கும் நேரத்தில் கடைக்காரர் இன்னும் வேண்டுமா என்றார். போடுங்கள் என்றேன். இடைவேளை நேரத்துக்கும் போடச் சொன்னேன்.

திரும்பி வந்து இறங்கியபோது பஸ் ஸ்டாண்டில் மச்சான் நின்றுகொண்டிருந்தான், உடம்பெல்லாம் மண்.

"ஒண்ணுக்கு ஒண்ணு மாமா. தங்கிட்டோம்."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"நம்ம கோல் யாருடா போட்டது?"

"நான்தான்."

"நீயா! எப்பிடிடா?"

அவன் யோசித்தான். எனக்காக எவ்வளவோ யோசித்தான், பாவம்.

"கார்னர் வந்துச்சி. காலுல பட்டுச்சி. உள்ள போயிடுச்சி, மாமா."

அதற்குப் பிறகும் பல வருஷம் அவன் ஆடினான். அவன் போட்ட கோல் அது ஒன்றுதான். அப்போது நான் வேப்பூரில் மூன்றாவது பரோட்டா தின்றுகொண்டிருந்தேன்.