கோதண்டத்தின் மடியில் இருந்த கேப்ஸ்யூல்

2005-இல் மரக்காணத்தில் வாரம் ஒரு நாள் நெஞ்சுநோய் கிளினிக் நடத்தினோம். ஸ்பைரோமெட்ரி மெஷின் என் பொறுப்பு. நோயாளியை ஊதச் சொல்லி, நுரையீரல் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்று ரீடிங் எடுப்பேன். இன்ஹேலர் பழக்கிவிடுவதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

உப்பளத் தொழிலாளி கோதண்டத்துக்கு சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். பீடியை விட்டு நாளாகியும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை. தினமும் ஒரு கேப்ஸ்யூலை இன்ஹேலரில் போட்டு, உள்ளிருக்கும் பொடியை இழுக்க வேண்டும். மாதாமாதம் வரும்போது என் டெமோ கேப்ஸ்யூலைக் கொடுத்து இழுக்கச் சொல்வேன். பிசகில்லாமல் இழுப்பார். ஃபைலில் ‘டெக்னிக் சரி’ என்று எழுதுவேன். ரீடிங் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது.

“வீட்ல ஒழுங்கா போடறீங்களா, இல்ல எங்கள ஏமாத்தறீங்களா?” என்று சிடுசிடுத்தேன்.

“ஒரு நாள்கூட விடலம்மா. நம்புங்கம்மா.”

நான் நம்பவில்லை.

நான்காவது மாதம் டாக்டர், “இனிமே ஸ்டீராய்டு மாத்திரைதான், வேற வழியில்ல” என்றார். கோதண்டத்துக்குச் சர்க்கரை உண்டு. உப்புத் தண்ணீரில் நின்று நின்று வலது காலில் ஆறாத புண். அந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றிவிடும். கால் போனால் பிழைப்பும் போகும். டாக்டருக்கும் மனசில்லை, எழுதாமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

அன்று பார்த்து டெமோ கேப்ஸ்யூல் தீர்ந்திருந்தது. “உங்களுது இருந்தா ஒண்ணு போட்டுக் காட்டுங்க” என்றேன். அளத்திலிருந்து நேராக வந்திருந்தவர், லுங்கி மடியிலிருந்து இரண்டை எடுத்தார். மெத்தென்று இருந்தன. ஒன்றைத் திறந்து தாளில் தட்டினேன். பொடி கட்டியாக விழுந்தது.

“டப்பால தானே குடுத்தோம்?”

“விடிகாலைலயே அளத்துக்குப் போயிடறேன். எட்டு மணிக்குப் போடணும்னு நீங்கதானே சொன்னீங்க? டப்பா எங்கனா வுழுந்துடும்னு ஒரு வாரத்துக்கு வேண்டியத எடுத்து மடியில வச்சிக்குவேன்.” கட்டியைப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார். “அடச்சே! உப்பே ஈரக் காத்துல கட்டியாவுது. இது ஆவாதா?”

எட்டு மணி என்று சொன்னது நான். அவர் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார் என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

டாக்டர் பேனாவை மூடினார். “மருந்து அதேதான். கெளம்பறதுக்கு முன்னாடி வீட்லயே போடுங்க. டப்பா வீட்ட விட்டு வெளிய போகக்கூடாது.”

அடுத்த மாதம் ரீடிங் ஏறியிருந்தது. முழுசாக அல்ல; சி.ஓ.பி.டி.யில் அது நடக்காது. ஆனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கும் நிற்காமல் நடந்து வந்திருந்தார். ஸ்டீராய்டு பேச்சே எழவில்லை.

“உங்கள நம்பாம திட்டிட்டேங்க. தப்பு என்னுதுதான்” என்றேன்.

“வுடுங்கம்மா. எனக்கே எம்மேல சந்தேகம் வந்துடுச்சி, இழுக்கத்தான் தெரியலையோன்னு.”

அதைக் கேட்டபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

இன்று ரத்தப் பரிசோதனையை வைத்தே ஆளுக்கேற்ற மருந்து கொடுக்கலாம் என்கிறார்கள். நல்லதுதான். மெஷினில் புதிதாக உட்காருபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: அவருடைய மருந்தை, அவர் கையால், உங்கள் எதிரில் போடச் சொல்லுங்கள். எனக்கு இது புரிய நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதமும் மூச்சு வாங்கியது அவருக்குத்தான்.