ஃபோம் பேடுக்கு வைத்த பொட்டு

கடைக்குப் போய் ஒரு பொருளைக் கேட்டு வாங்குவது எனக்கு வராத வேலை. இத்தனைக்கும் நான் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில், சட்டைத்துணிப் பிரிவில் இருக்கிறேன். அங்கே நான் பேச வேண்டியதில்லை. துணியை உதறி விரித்தால் போதும், மீதியை வாங்க வந்தவரின் மனைவி பேசிக்கொள்வார். மேஜைக்கு அந்தப் பக்கம் என்னை நிறுத்தினால்தான் நாக்கு உள்ளே போய்விடும். கை வைத்த பனியன் கேட்கப் போய், கையில்லாத பனியனோடு திரும்பி, அதையே கிழியும்வரை போட்டிருக்கிறேன்.

அப்படிப்பட்டவன் கார் பாலிஷ் போடும் மெஷின் வாங்கக் கிளம்பியது மகளின் கல்யாணத்துக்காக.

எங்களிடம் ஒரு வெள்ளைக் கார் இருக்கிறது. வேறொருவர் ஓட்டி அலுத்த பிறகு என்னிடம் வந்தது. மந்தைவெளியில் எங்கள் குடியிருப்பு வாசலில், வேப்பமரத்தடியில் நிற்கும். பட்டினப்பாக்கத்துக் கடல் காற்றும் மரத்துக் காக்கைகளும் சேர்ந்து அதைச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆக்கிவிட்டன. தடவினால் கையில் மாவு ஒட்டும். மண்டபத்துக்கு இந்த வண்டியில்தான் போவேன் என்று மகள் சொன்னபோது, வீட்டில் என்னைத் தவிர யாரும் சந்தோஷப்படவில்லை.

என் மனைவியின் தம்பி அடையாறில் இருக்கிறான். சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் முன்னால் நின்று ஏற்பாடு செய்பவன். அவன்தான் முதலில் ஆரம்பித்தான்.

"மாமா, பெரிய கறுப்பு வண்டி ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். டிரைவர் யூனிஃபார்மோட வருவாரு. இத்த எடுத்துக்கினு போனா, மாப்ள வீட்ல மாவு மில்லுலேர்ந்து நேரா வர்றீங்களான்னு கேப்பாங்க."

"தெரியாத டிரைவர் முன்னாடி நான் எப்படி மாமா அழுவேன்?" என்றாள் மகள். கூச்சத்தில் அவள் என்னைக் கொண்டு பிறந்தவள்.

"வண்டிக்கு நானே பாலிஷ் போடறேன்" என்று நான் சொன்னேன். வாயைத் திறக்காதவன் திறந்தால் இப்படித்தான் ஆகும். சொன்ன பிறகு மைத்துனன் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும், காசு கொடுத்து ஒரு பாலிஷ் கடையில் வண்டியை விடும் வழியும் எனக்கு அடைபட்டுப் போனது.

மனைவி தீர்ப்புச் சொன்னாள். "கல்யாணத்துக்கு முன்னாடி வர்ற ஞாயித்துக்கெழம பாக்கலாம். வண்டி வண்டி மாதிரி இருந்தா இதுலயே போவோம். இல்லன்னா தம்பி சொல்ற வண்டி. அப்பாவும் பொண்ணும் அப்புறம் மூஞ்சிய தூக்கி வெச்சுக்கக் கூடாது."

கடையில் சாப்பாட்டு நேரத்தில், சத்தத்தை அணைத்துவிட்டு, கைப்பேசியில் வீடியோக்கள் பார்த்தேன். யாரோ வெள்ளைக்காரர்கள் எங்கள் வீட்டைவிடப் பெரிய ஷெட்டுகளில் நின்று கார்களைத் தேய்த்தார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: மெஷினில் இரண்டு ரகம். ஒன்று ஒரே இடத்தில் நின்று வேகமாகச் சுற்றும். கீறலை உடனே எடுக்கும். கை பழகாதவன் பிடித்தால் பெயிண்டையும் சேர்த்து எடுத்துவிடும். இன்னொன்று சுற்றிக்கொண்டே லேசாக ஆடும். நேரம் பிடிக்கும், ஆனால் தப்பு செய்தாலும் மன்னித்துவிடும். இரண்டில் எது என் ஜாதகத்துக்குப் பொருத்தம் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. இருந்தும் நாலைந்து நாள் யோசித்தேன். யோசிக்கும்வரை கடைக்குப் போக வேண்டாம் அல்லவா?

அண்ணா சாலைப் பக்கம் மெஷின்கள் விற்கும் ஒரு கடை. வாசலைத் தாண்டிப் போய், டீ குடித்து, திரும்பி வந்து நுழைந்தேன்.

"இன்னா சார் வோணும்?" என்றார் கடைக்காரர்.

"சும்மா, பார்க்கத்தான்."

"பாரு சார். மார்பிளுக்கா, மரத்துக்கா, வண்டிக்கா?"

"வண்டிக்குத்தான்... சின்ன வண்டி" என்றேன். மெஷினுக்கும் வண்டியின் அளவுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரும் கேட்கவில்லை.

இரண்டையும் எடுத்து வைத்தார். வேகமாகச் சுற்றுவது கனமாக, பக்கவாட்டில் ஒரு கைப்பிடியோடு இருந்தது. ஆடுவது இஸ்திரிப் பெட்டி மாதிரி அடக்கமாக இருந்தது. பக்கத்தில் ஏதோ வாங்க வந்திருந்த ஒர்க்‌ஷாப் ஆசாமி எனக்காகக் கவலைப்பட ஆரம்பித்தார்.

"பெருச எடு தலைவா. அந்த ஆட்டக்காரிய வெச்சிக்கினு காத்தாலேர்ந்து சாயங்காலம் வரிக்கும் தடவிக்கினே இருக்கணும்."

எனக்கும் ஒரு ரோஷம் வந்தது. மைத்துனன் பார்க்க, அந்தக் கனமான மெஷினோடு நிற்பதாக ஒரு படம் மனதில் ஓடியது. "ஒருதரம் போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். கடைக்காரர் சொருகிக் கொடுத்தார். பட்டனை அழுத்தியதும் மெஷின் ஒரு பக்கம் கிளம்பியது. நானும் அதோடு கிளம்பினேன். பக்கத்து அலமாரியில் அடுக்கியிருந்த பெயிண்ட் பிரஷ்கள் சரிந்து விழுந்தன. ஒர்க்‌ஷாப் ஆசாமி ஒயரைப் பிடுங்கினார்.

"சார் அத்தையே எடுத்துக்கட்டும்" என்று ஆடுவதைக் காட்டினார், மரியாதையாக.

"இத லேடீஸ் கூட புடிக்கலாம் சார்" என்று கடைக்காரர் ஆறுதல் சொன்னார். இப்படித்தான் நான் மெஷினைத் தேர்ந்தெடுத்தேன். கூடவே பாலிஷ் பாட்டில், கடைசியில் வழவழப்புக்குப் பூச ஒரு டப்பா வேக்ஸ், ஃபோம் பேடு. பேடு என்பது மெஷினின் முகத்தில் ஒட்டும் வட்டப் பஞ்சு. அதில் பாலிஷை வைத்துத்தான் தேய்க்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மனைவி சாமி அறையிலிருந்து சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்தாள். புதுப் பொருளுக்குப் பொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் மிக்ஸிகூட ஓடியதில்லை. பொட்டு வைப்பதில் நான் கெட்டிக்காரன். ஆயுத பூஜையன்று எங்கள் கடையில் கத்திரிக்கோல், மீட்டர் கோல், பில் மெஷின் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உலகத்தில் நான் கூச்சமில்லாமல் செய்யும் ஒரே வேலை அது.

மெஷின் மல்லாந்து கிடந்தது. அதன் முகத்தில் வெள்ளைப் பஞ்சு வட்டம், கழுவித் துடைத்த நெற்றி மாதிரி. வேறு எங்கே வைப்பேன்? நடுவில் தாராளமாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமத்தை அழுத்தினேன். சுற்றிலும் மூன்று சின்னப் பொட்டுகள். பார்க்க நிறைவாக இருந்தது. கும்பிட்டுவிட்டு வண்டியிடம் போனேன்.

வேடிக்கை பார்க்கக் காலையிலேயே வந்துவிட்ட மைத்துனன் எங்கள் பால்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்க்கிறான் என்ற நினைப்பில், கையில் இருப்பதை நான் பார்க்கவில்லை. பாலிஷைப் பொட்டின் மேலேயே பிழிந்தேன். பேடை வண்டியில் வைத்துவிட்டுத்தான் பட்டனை அழுத்த வேண்டும் என்று எல்லா வீடியோவிலும் காட்டியிருந்தார்கள். நான் அந்தரத்தில் அழுத்தினேன்.

முதல் பங்கு என் முகத்துக்கும் பனியனுக்கும் வந்தது. பதறிப்போய் அடக்குவதற்காக பானெட்டில் வைத்து அமுக்கினேன். மெஷின் சொன்ன வேலையைச் செய்தது. குங்குமத்தைக் கரைத்து, ஆடி ஆடி, ஒரு மூலை விடாமல் பரப்பியது. வெளுத்த பெயிண்ட் தாகத்தோடு குடித்தது. நான் பட்டனைக் கண்டுபிடித்து நிறுத்தியபோது பானெட் ரோஸ் மில்க் நிறத்தில் இருந்தது.

"மாமா! ஹோலி நம்ம ஊர்ல கெடயாதே!" என்றது பால்கனி.

மகள் கீழே ஓடிவந்தாள். வண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், புடவைக் கடையில் விலையைப் பார்ப்பது போல உதட்டைக் கடித்துக்கொண்டாள். "போவுமாப்பா?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையாட்டினேன். போகுமா என்று எனக்கு எப்படித் தெரியும்?

"அந்தக் கறுப்பு வண்டிக்காரர்கிட்ட இன்னிக்கே சொல்லிடவா அக்கா?" என்று மைத்துனன் உள்ளே கேட்டது காதில் விழுந்தது.

"சாயங்காலம் வரிக்கும் இரு" என்றாள் என் மனைவி. அவள் எனக்காக வாங்கிக் கொடுத்த அந்தத் தவணைதான் என்னைத் தெருவில் இறக்கியது. முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஸ்கூட்டரில் பறந்தேன். ஞாயிற்றுக்கிழமை அரை நாளாவது கடை திறந்திருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே போனேன். திறந்திருந்தது.

"பேடு வேணும். புதுசு" என்றேன். வாசலைத் தாண்டிப் போகாமல், டீ குடிக்காமல், நேராக.

"அன்னிக்கு வாங்கினது இன்னா ஆச்சு?"

"பொட்டு வெச்சேன்."

"எதுல?"

"பேடுல."

அவர் என் காதோரம் ஒட்டியிருந்த சிவப்பைப் பார்த்தார். "சார், பூஜைய மெஷின் முதுகுல போடணும். நாமளே வாயில குங்குமத்த கொட்டிக்கினு சாப்புடுவமா?" என்றார். பிறகு அவருக்கே தாங்கவில்லை. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விநோதம், எனக்கும் சிரிப்பு வந்தது. கிளம்பும்போது, "ஒரே எடத்துலயே நிக்காத சார், நவுத்திக்கினே இரு" என்று சொல்லி அனுப்பினார்.

புதுப் பேடு, புதுப் பாலிஷ். நகர்த்திக்கொண்டே இருந்தேன். ரோஸ் மெல்லப் போனது. அதோடு ரோஸுக்கு முன்பிருந்த மாவும் போனது. குங்குமம் மட்டும் பரவாமல் இருந்திருந்தால் நான் பாதியில் "போதும்" என்று எழுந்திருப்பேன். பயத்தில் தேய்த்ததால் மூலை முடுக்கெல்லாம் தேய்ந்தது. பிறகு வேக்ஸ். ஒருமுறை போதும் என்று டப்பாவில் போட்டிருந்தது. எனக்கு நம்பிக்கை வராமல் மூன்றுமுறை போட்டேன். மனைவி வந்து பானெட்டில் விரலை வைத்துப் பார்த்தாள். விரலில் எதுவும் ஒட்டவில்லை. "தம்பி, அந்த வண்டி வேணாம்னு சொல்லிடு" என்று மேலே பார்த்துச் சொன்னாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை பூக்காரர் வந்து பானெட்டில் ரோஜாவும் சாமந்தியும் கட்டிய பெரிய மாலையை வளைத்து வைத்து டேப் ஒட்டினார். டேப் உரிந்தது. மறுபடி ஒட்டினார். "இன்னா சார், எண்ணெ கிண்ணெ தடவிக்கிறியா?" என்றார். எப்படியோ அமுக்கி வைத்துவிட்டுப் போனார். மகள் பின்சீட்டில் ஏறினாள். மைத்துனன் முன்சீட்டில். நான் ஓட்டினேன். லஸ் முனையில் திரும்பும்போது மொத்த அலங்காரமும் ஒரு தட்டு போல வழுக்கி இறங்கியது. மைத்துனன் குதித்து இறங்கி, பின்னால் ஹாரன் அடித்த பஸ்ஸுக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பூவை வாரி மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். வழியெல்லாம் மகள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மண்டப வாசலில் போட்டோகிராபர் குனிந்து, நிமிர்ந்து, நகர்ந்து பார்த்தார். "சார், வண்டியில நான் தெரியறேன் சார்" என்று புகார் செய்தார்.

"பரவால்ல, அப்படியே எடுங்கண்ணா" என்றாள் மகள்.

ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. மகள் இறங்குகிறாள். பானெட்டில் போட்டோகிராபர் கேமராவோடு தலைகீழாக நிற்கிறார். பெரிய மாலையோடு முன்சீட்டில் மைத்துனன் உட்கார்ந்திருப்பதால், பார்க்கிறவர்கள் அவனை மாப்பிள்ளை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஓட்டியவன் யார் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.